மாவு படிந்த நாக்கு

கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் 16 ஆண்டுகளாக டீ மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருக்கிறேன். முந்தைய நாள் இறக்கிய தூளின் மாதிரிகளைக் காலையில் வடக்குப் பார்த்த சன்னலோரம் வரிசையாக வைத்து, கொதிநீர் ஊற்றி, சாறு இறங்கியதும் வடித்து, கரண்டியில் எடுத்துச் சத்தத்துடன் உறிஞ்சி, நாக்கிலும் அண்ணத்திலும் பரவவிட்டுத் துப்பிவிட்டு, எது பிரிஸ்க் (நல்ல துவர்ப்புள்ளது), எது டல் (மந்தமானது) என்று நோட்டில் எழுதுவது என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளைப் பற்றி எங்கள் ஆலையில் முதல் தீர்ப்பைச் சொல்வது என் நாக்கு. அந்த நாக்கில் ஏறத்தாழ 14 மாதங்கள் ஒரு வெள்ளைப் படலம் விடாமல் படிந்திருந்தது. அதன் காரணத்தைத் தேடி நான் போன வழிகளையும், அவற்றில் சிலவற்றால் எனக்கு நேர்ந்த கெடுதலையும், கடைசியில் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே தொல்லையோடு தினமும் கண்ணாடிமுன் நாக்கை நீட்டிப் பார்ப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது, நான் இதைப் பற்றி வெளியே பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாக்கில் மாவு படிந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வெள்ளை பூத்திருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது நாக்கின் நடுவிலும் பின்பாதியிலும் கனமாக இருந்தது. ஓரங்களில் அநேகமாக இல்லை. காலையில் வெள்ளையாகத் தெரிவது, பத்து மணிக்குக் கோப்பைகளை முடித்துவிட்டு எழும்போது பழுப்பாக மாறியிருக்கும். வலியும் எரிச்சலும் கிடையாது. வாயில் ஒரு பசைத்தன்மையும், எழுந்தவுடன் எனக்கே தெரிகிற ஒரு வாடையும் இருந்தன. இவற்றை எல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தூளின் துவர்ப்பை முன்போலப் பிரித்தறிய முடியாமல் போனதைப் பொறுக்க முடியவில்லை. என் உதவியாளர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன கோப்பை எனக்கு மந்தமாகப் பட்டது. மூன்று வாரங்களுக்குள் இரண்டு முறை அப்படி நடந்தபோது உண்மையாகவே பயந்துவிட்டேன்.

அம்மாவின் முதல் முடிவு வயிறு சரியில்லை என்பதுதான். நாக்கு வயிற்றின் கண்ணாடி என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியது. காய்ச்சலில் படுத்தவரின் நாக்கு வெளுத்திருப்பதையும், அஜீரணத்தில் சாப்பிடாமல் கிடப்பவரின் நாக்கில் மாவு படிவதையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. நானும் விளக்கெண்ணெய் குடித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பேதிக்குச் சாப்பிட்டு, குழைந்த மோர்சாதம் மட்டும் உண்டு, அதன் பிறகு ஒரு வாரம் இரவு உணவையும் விட்டுப் பார்த்தேன். படலம் குறையவில்லை, கூடியது. உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது, அதனால்தான் கூடுகிறது, இன்னும் ஒரு வாரம் பட்டினி இருந்தால் தெளிந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். இப்போதும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சரியில்லை என்பதற்கான விளக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வயிற்றை விட்டுவிட்டு அடுத்து நாக்கையே தாக்கினேன். என் பாட்டி தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து, வில்போல வளைத்து நாக்கு வழிப்பார். மலையில் தென்னை இல்லாததால், மேட்டுப்பாளையம் போய் வருபவர்களிடம் சொல்லிவைத்து ஈர்க்குக் கட்டு வாங்குவார். அவர் வழித்தது ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். நான் கடையில் எஃகுத் தகடு வாங்கி, நாளைக்கு மூன்று முறை, வெள்ளை முழுவதும் போகும்வரை அழுத்தி வழித்தேன். நான்காம் நாள் இரத்தம் கசிந்தது. அடுத்த நாள் சூடான சாறு நாக்கில் பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு நாட்கள் ருசி பார்க்கும் வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. புண்ணான இடம் ஆறியதும் வெள்ளை முன்போலவே வந்தது.

பிறகு மருந்துக் கடை. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள், பயனில்லை. பூஞ்சைக்கான சொட்டு மருந்தைப் பத்து நாட்கள் விட்டேன், அதனாலும் பயனில்லை. மூன்றாவதாகக் குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அதை மூன்று வாரங்கள் பயன்படுத்தியபோது, நாற்றம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் பல் இடுக்குகளில் பழுப்புக் கறை ஏறியது. நாக்கின் பின்பகுதி கரும்பழுப்பாகியது. உப்புச் சுவை மங்கிவிட்டது. அந்த மருந்து பல்லிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது என்பதும், தேநீரிலும் காப்பியிலும் உள்ள நிறமிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும், நீண்ட நாட்கள் பயன்படுத்தினால் சுவையுணர்வைத் தற்காலிகமாக மாற்றும் என்பதும் பின்னர் தெரிந்தன. நாள்தோறும் முப்பது கோப்பைத் தேநீரை வாயில் வைத்துத் துப்புகிற ஒருவன் மருத்துவர் சொல்லாமல் எடுத்திருக்கவே கூடாத மருந்து அது. கொடுத்தவர் என் தொழிலைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவரிடம் போனபோதுதான் வழி திறந்தது. அவர் ஒரு பஞ்சுத் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து, பக்கவாட்டுகளையும் அடிப்பக்கத்தையும் விளக்கொளியில் பார்த்தார். மரச்சீவலால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்து, வழிந்து வந்ததைப் பார்த்தார். அது போன இடத்தில் நாக்கு சிவந்திருக்கிறதா என்றும் பார்த்தார். சிவக்கவில்லை. இது பூஞ்சையில்லை, புற்றுக்கு முந்தைய வெண்தழும்பும் இல்லை என்று சொல்லிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்களா, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள். மூன்றுக்கும் நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, உங்கள் நாக்கில் நோயில்லை, உங்கள் வாயில் ஈரமில்லை என்றார்.

இதைப் புரிந்துகொள்ள நாக்கின் மேற்பரப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன்மேல் கம்பளம் விரித்ததுபோல நிறைந்திருப்பவை இழை வடிவ முளைகள். அவற்றில் சுவை மொட்டுகள் கிடையாது. உணவைப் பிடித்து உரசுவதற்காக அமைந்தவை அவை. பூனை நக்கினால் அரம்போலச் சொரசொரப்பது இவ்வகை முளைகளால்தான். நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் இவற்றின் நுனியிலும் இருக்கிறது. நகத்தைப் போலவே இவையும் ஓயாமல் வளர்கின்றன. நகத்தைப் போலன்றி, நுனிகள் தாமாகவே உதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. வளர்வதும் உதிர்வதும் சமமாக இருக்கும்வரை ஒரு முளையின் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டாது. உதிர்வது குறைந்தால் முளைகள் நீண்டு, அவற்றின் இடுக்குகளில் உதிர்ந்த செல்களும் சளியும் உணவுத் துகளும் பாக்டீரியாவும் தங்குகின்றன. நாம் மாவு என்று சொல்வது இந்தக் கலவையைத்தான். முளைகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, பாக்டீரியாவின் நிறமோ தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறையோ ஏறினால், பார்ப்பவர் அஞ்சும்படி முடி முளைத்த கருநாக்காகத் தோன்றும். அதுவும் பெரும்பாலும் தீங்கற்றதே. காற்றுப் புகாத அடிப்பகுதியில் வாழும் பாக்டீரியா புரதங்களைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தைல் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்கள் உண்டாகின்றன. காலையில் எனக்கே தெரிந்த வாடை அதுதான்.

உதிர்ந்ததைக் கழுவிக்கொண்டு போவது உமிழ்நீர். உரசி உதிர வைப்பது மெல்லுதல். ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது பெரும்பாலும் விழித்திருக்கும்போதும், குறிப்பாக மெல்லும்போதும் சுரப்பது. தூக்கத்தில் சுரப்பு அநேகமாக நின்றுவிடுகிறது. அதனால்தான் யாருக்கும் காலையில் நாக்கில் மெல்லிய வெண்படலம் இருக்கும். அது இயல்பு, அதை நோயாக நினைக்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் உதவிய செய்தி இன்னொன்று. உமிழ்நீர்ச் சுரப்பு ஒருவருக்கு வழக்கமாக இருக்கும் அளவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த பிறகுதான் வாய் உலர்ந்திருக்கிறது என்ற உணர்வே வரும். அதற்கு முந்தைய நிலையில் வாய் உலர்வதை நாம் அறிய மாட்டோம், நாக்கு அறிந்துவிடும். எனக்கு வாய் உலரவில்லையே என்று நான் மருத்துவரிடம் வாதிட்டதற்கு இதுவே விடையாக இருந்தது.

பட்டினியில் படலம் கூடியதற்கும் இதுதான் காரணம். குழைந்த சோற்றை விழுங்கினால் மெல்லும் வேலை இல்லை. இரவு உண்ணாவிட்டால் அந்த வேளைக்குரிய சுரப்பும் இல்லை. பேதியில் உடம்பின் நீர் வேறு போய்விடுகிறது. காய்ச்சலில் நாக்கு வெளுப்பதும், அறுவைக்குப் பிறகு கஞ்சி மட்டும் குடிப்பவருக்கு மாவு படிவதும் இதே வகையில்தான் நிகழ்கின்றன. ஆகவே நம் முன்னோர் கண்ட தொடர்பு பொய்யில்லை, அவர்கள் சொன்ன காரணத்தை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, தொடுஉணர்வு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய ஏழோடு நாவும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை நான் மதிக்கிறேன். மற்ற ஏழையும் பார்க்காமல் நாவை மட்டும் வைத்து முடிவு சொல்லும் இன்றைய வழக்கம் அந்த முறைக்கே மாறானது என்பது என் கருத்து.

எங்களைப் போன்ற மலைவாசிகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலையில் புல்லெல்லாம் நனைந்து, சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, தேயிலைச் செடிகளுக்கு மேல் மூடுபனி இறங்கியிருக்கும். இவ்வளவு ஈரத்துக்கு நடுவே வாய் எப்படி உலரும் என்று நானே நினைத்திருக்கிறேன். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 5 டிகிரிக் குளிரில் முழு ஈரப்பதத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறக்குறைய 7 கிராம் நீர். அதே காற்று உள்ளே போய் 37 டிகிரிக்குச் சூடாகும்போது அது 44 கிராம் நீரைக் கேட்கும். மீதியை யாராவது கொடுத்தாக வேண்டும். மூக்கால் இழுத்தால் மூக்கின் உட்சவ்வு அதைக் கொடுத்து, வெளிமூச்சில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வாயால் இழுத்தால் நாக்கும் அண்ணமும் தொண்டையும் கொடுக்க வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கத்தில், உமிழ்நீர் நின்றுபோன வாயில், இது நடக்கிறது.

நான் வாயால் மூச்சுவிட்டதற்குக் காரணம் என் தொழில். தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் அறையில் இலைக் காம்பின் நாரும் இலையின் நுண்மயிரும் பஞ்சுபோலப் பறக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் சிலருக்கு மூக்கொழுக்கும் தும்மலும், சிலருக்கு இழுப்பும் வருவதை எங்கள் ஆலையிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு இரவில் மூக்கு முழுவதும் அடைத்துவிடும். அதற்காகக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு குளிர்காலங்களாகத் தினமும் இரவில் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் குளோர்பெனிரமின் இருந்தது. ஒவ்வாமைக்கான அந்தப் பழைய வகை மருந்து மூக்கு நீரை வற்ற வைப்பதைப் போலவே உமிழ்நீரையும் வற்ற வைக்கும். அடைத்த மூக்கால் வாய் திறக்கிறது. மூக்கைத் திறக்கப் போட்ட மாத்திரை வாயை உலர்த்துகிறது. நசுக்கிய இலையைப் பக்குவமாக விடும் ஃபெர்மென்டிங் அறையில் இலை உலர்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் ஷிஃப்டுக்கு நான்கு முறை பார்த்து வந்த நான், என் வாயைப் பற்றி அப்படி ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஒவ்வாமை மாத்திரை மட்டுமல்லாமல், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்துக்கான சில நீர்ப்போக்கு மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் ஆகியவையும் வாயை உலர்த்துபவை. நாக்கில் மாவு படிகிறது என்பதற்காக இவற்றை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வேளையையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நானே வாங்கிப் போட்ட மாத்திரையையும் ஒரு மருத்துவர்தான் மாற்றிக் கொடுத்தார்.

தண்ணீரைப் பொறுத்தவரை, குளிரில் தாகம் எடுக்காததால் நான் ஒரு நாளில் மூன்று தம்ளருக்கு மேல் குடித்ததில்லை. தேநீர் உடம்பின் நீரை இழுத்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை; அளவாகக் குடிக்கும் தேநீரும் உடம்புக்கு நீர்தான். ஆனால் தேயிலையின் துவர்ப்பு என்பதே, அதிலுள்ள பாலிபீனால்கள் உமிழ்நீரின் வழவழப்புக்குக் காரணமான புரதங்களோடு சேர்ந்து அவற்றைத் திரித்துவிடுவதால் வருவது. வாய் உள்ளுக்குள் இறுகிக் காய்வதுபோன்ற அந்த உணர்வைத்தான் நாங்கள் பிரிஸ்க் என்று மெச்சுகிறோம். உமிழ்நீர் போதுமான அளவு இருக்கும் வாயில் அது சில நிமிடங்களில் தெளிந்துவிடும். குறைந்த வாயில் திரிந்தது நாக்கிலேயே தங்கி, கறையையும் ஏற்றுகிறது. இப்போது ஐந்தாறு கோப்பைகளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரால் வாயை அலசிவிட்டுத்தான் அடுத்த கோப்பைக்குப் போகிறேன்.

மூக்கிலிருந்துதான் சிகிச்சை தொடங்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்றை எழுதிக் கொடுத்தார். சார்ட்டிங் அறையில் முகக்கவசம் இல்லாமல் நுழைவதை விட்டேன். இரவில் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். ஒரு தம்ளர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்குக் குழாய் நீரையோ ஊற்று நீரையோ அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபாவால் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024-இல் உயிர்கள் போயின. நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே பயன்படுத்த வேண்டும். எங்கள் மலையின் உயரத்தில் நீர் 100 டிகிரியை எட்டும் முன்பே, 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், கொதி வந்த பிறகு மூன்று நிமிடங்கள் அடுப்பிலேயே விடுகிறேன்.

நாக்கை இப்போதும் வழிக்கிறேன், ஆனால் பாட்டியைப் போல. காலையில் பல் துலக்கிய பின் நாக்கை நனைத்துக்கொண்டு, எட்டும் அளவுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி மூன்று நான்கு இழுப்புகள். மூச்சை வெளியே விடும்போது குமட்டல் குறைகிறது. தகட்டை ஒவ்வொரு இழுப்புக்கும் கழுவுகிறேன். வெள்ளை முழுவதும் போகிறதா என்று பார்ப்பதில்லை. மெல்ல வேண்டிய உணவைத் தேடிச் சாப்பிடுகிறேன். கேரட் இங்கே மலிவு, கொய்யா கீழிருந்து வருகிறது. படலம் பாதியாகக் குறைய மூன்று வாரங்களும், அநேகமாக மறைய இரண்டு மாதங்களும் ஆயின. இந்த ஆண்டு ஜனவரியில் சளி பிடித்து ஒன்பது நாட்கள் வாயால் மூச்சுவிட்டபோது அது திரும்ப வந்தது. மூக்கு திறந்ததும் தானாகவே போனது.

வேறு வைத்தியங்களையும் பலர் கேட்கிறார்கள். எண்ணெய் கொப்பளிப்பதில் தீங்கில்லை, வாய் சுத்தமாகிறது என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை; ஆனால் மூக்கடைப்பு உள்ளவரால் பதினைந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு எண்ணெயை வைத்திருக்க முடியாது, வயதானவர்களுக்குப் புரையேறும் ஆபத்தும் உண்டு. எலுமிச்சையும் உப்பும் வைத்து நாக்கைத் தேய்ப்பதை நான் வேண்டாம் என்பேன். ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளிப்பது பசைத்தன்மையைக் குறைத்தது. பீடி, சிகரெட் பிடிப்பவர் அதை விடாமல் வேறு எதைச் செய்தாலும் பயன் இருக்காது.

எல்லா வெள்ளையும் ஒன்றில்லை என்பதை எனக்குக் கற்பித்தது அம்மாவின் வாய். என் படலம் சரியான பிறகு, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, நானும் தண்ணீர் குடிக்கிறேன் என்று அவர் சொன்னார். பார்த்தபோது நாக்கில் மட்டுமின்றிக் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் தயிர்த் திப்பிகள்போல வெள்ளை ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தால் அது வந்தது, அடியில் செக்கச்செவேலென்று இருந்தது, அவருக்கு எரிந்தது. அது கேண்டிடா என்னும் பூஞ்சை. அவர் ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர். எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பல்செட்டை இரவிலும் கழற்றாமல் தூங்குவார். மருத்துவர் சர்க்கரைக்கும் சோதிக்கச் சொன்னார், சர்க்கரை இருந்தது. ஆண்டுக்கணக்கில் அது இருந்திருக்கலாம்; வாயிலிருந்த வெள்ளைதான் அதைக் காட்டிக் கொடுத்தது. எனக்குப் பயன்படாத அதே பூஞ்சைச் சொட்டு மருந்து அவருக்கு இரண்டு வாரங்களில் வேலை செய்தது. இன்ஹேலரின் முன் ஸ்பேசர் குழாயை மாட்டி எடுக்கவும், எடுத்ததும் கொப்பளித்துத் துப்பவும், இரவில் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் போடவும் இப்போது பழகிவிட்டார். பெரியவர்களுக்கு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் இந்தப் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால், சர்க்கரையையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் மருத்துவர் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

மாவு படிந்த நாக்கைவிட இப்போது எனக்குக் கவலை தருவது மழமழப்பான நாக்கு. இரும்புச்சத்து குறைந்தால் அந்த இழை முளைகளே தேய்ந்துபோய் நாக்கு வெளிறி வழவழப்பாகும். பி-12 குறைந்தால் சிவந்து எரியும். கொழுந்து பறிக்கும் பெண்களில் எத்தனையோ பேர் எனக்கு நாக்கு சுத்தமாகத்தானே இருக்கிறது என்று காட்டும்போது, அந்தச் சுத்தத்தைப் பார்த்து நான் இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்காமல் தடுக்கும் என்பதையும், தேநீர் விற்றுப் பிழைக்கும் நானே அவர்களிடம் சொல்கிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

நாக்கில் வரைபடம்போலத் திட்டுத்திட்டாகச் சிவந்து, வெள்ளை ஓரத்தோடு இடம் மாறிக்கொண்டே இருப்பது வேறு. அதற்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். கன்னத்தில் வலைபின்னியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நீளும் காய்ச்சலோடு, நடுவில் மாவும் ஓரங்களில் சிவப்புமாக நாக்கு இருந்தால் டைஃபாய்டையும் நினைக்க வேண்டும்.

வழித்தால் வராத வெள்ளையைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆலையில் இலையை உலர்த்தும் டிரையரில் வேலை செய்யும் ஒருவர், நான் இவ்வளவும் சொல்லக் கேட்டு, தனக்கும் ஒரு பக்கத்தில் வெள்ளை இருக்கிறது, தகடு போட்டும் போகவில்லை என்று ருசி அறைக்கு வந்தார். நாக்கின் இடது ஓரத்தில், ஒரு நாணயத்தின் பாதி அளவுக்கு, சற்றுத் தடித்து, வெள்ளைச் சாயம் பூசியதுபோல இருந்தது. மாவு நாக்கின் நடுவில் பரவி இருக்கும், துடைத்தால் நகரும். இது ஓரத்தில் ஒரே இடத்தில் நின்றது, நகரவில்லை. அவர் 20 ஆண்டுகளாக வெற்றிலை போடுபவர். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்றார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வெளியிட்டிருக்கிறது. நம் ஊரில் அது இன்னும் பேச்சாகவில்லை. வாயில் வழித்தும் போகாத வெள்ளையோ, ஆறாத புண்ணோ, கையில் தட்டுப்படும் கெட்டியோ இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிட வேண்டும். அவரை அந்த வாரமே அனுப்பினோம். சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று முடிவு வந்தது. அந்தத் திட்டை அகற்றினார்கள். பாக்கை விட்டுவிட்டார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீழே போய்க் காட்டி வருகிறார்.

அந்த ஆறு மாத இடைவெளியில், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு அவரை ருசி அறைக்கு வரச் சொல்கிறேன். தூளின் நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிய வடக்குச் சன்னலின் வெளிச்சம் வாயைப் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லி, தழும்பு இருந்த இடத்தைப் பார்த்து, தேதியை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.